அண்ணாச்சி பறக்கிறார்... நான் பதறுகிறேன்!

முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை விமானத்தில் ஆள் ஏற்றி அனுப்பியவன் நான். ஏர்போர்ட்டில் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், ஒரு தினசரிக் காலண்டர். அந்த மேஜைக்கு 'டிராவல் டெஸ்க்' என்று பெயர். நான்தான் வைத்தேன். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அங்கே உட்கார்ந்துகொண்டு எங்கள் முதலாளியை டெல்லிக்கும் மும்பைக்கும் துபாய்க்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் எங்கே போனேன்? சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் பிடித்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எட்டயபுரம் போய்ச் சேருவேன். அதற்கு ரிசர்வேஷன் கிடையாது. நிற்க இடம் கிடைத்தால் யோகம்.

ஊரில் ஒரு தாத்தா கேட்டார். "ஏய்யா, கம்பெனியில உனக்கு என்ன வேலை?"

"முதலாளி வெளியூர் போறதுக்கு எல்லா ஏற்பாடும் நான்தான் தாத்தா."

"அதுக்கு எதுக்குய்யா பி.காம். படிச்ச? வண்டி பூட்டுற வேலைதான?"

சுருக்கென்று இருந்தது. ராத்திரி யோசித்துப் பார்த்தபோது, தாத்தா சொன்னது சரிதான் என்றும் பட்டது.

டில்லி தர்பாருக்குப் போன எங்கள் ஊர் ஜமீன்தார், திரும்பும் வழியில் காசியில் பாரதியைப் பார்த்து ஊருக்கு அழைத்து வந்தார் என்று படித்திருப்பீர்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரே சந்தேகம். அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்த புண்ணியவான் யார்? எட்டயபுரத்தில் இன்றைக்கும் ரயிலடி கிடையாது. மாட்டு வண்டி பூட்டி, ரயிலடிக்குப் போய், எத்தனை ஊரில் வண்டி மாறி, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வழி பண்ணி... யாரோ ஒருவர் தூக்கம் கெட்டிருப்பார். அவர் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதையும் கேளுங்கள். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்க்கிற இந்தக் கரிசல் பூமியில், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று வரிசையாக அடுப்பு எரிந்ததற்கு அந்த ஒரு பிசினஸ் டிரிப்தான் காரணம். அவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் யார்? தெரியாது. ஒரு பயணம் நல்லபடியாக முடிந்தால் போனவர் பேர் நிற்கும். கோளாறாகிவிட்டால் மட்டும்தான் ஏற்பாடு செய்தவனைக் கூப்பிடுவார்கள். என்னையும் ஒருநாள் கூப்பிட்டார்கள். அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

* * *

முதலில் எங்கள் முதலாளி. ஊரே அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் மூன்று பொருள் எப்போதும் இருக்கும். ஒரு பேனா, எங்கள் கம்பெனித் தீப்பெட்டி ஒன்று, நான்காக மடித்த ஒரு தாள். பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. அந்தத் தீப்பெட்டிதான் அவருக்கு விசிட்டிங் கார்டு.

அந்தத் தாள் நான் டைப் அடித்துத் தருவது. எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்த வண்டி, எந்த டிரைவர், எந்த ஹோட்டல், யாரைப் பார்க்கணும், யார் நம்பர் என்ன... எல்லாம் தமிழில், ஒரே தாளில். அண்ணாச்சியிடம் நல்ல செல்போன் இருந்தது. ஆனால் அவர் நம்பியது தாளைத்தான். "போன்ல சார்ஜ் போயிரும் தம்பி. பேப்பருக்கு என்ன?" என்பார்.

எட்டயபுரத்திலோ கோவில்பட்டியிலோ இருந்துகொண்டு ஆளை அனுப்புவது சென்னைக்காரர் அனுப்புவது மாதிரி இல்லை. ஏறுகிற இடத்திலேயே குழப்பம் ஆரம்பித்துவிடும். தூத்துக்குடி வாகைகுளத்தில் ஒரு விமான நிலையம். பக்கம்தான், ஆனால் விமானங்கள் கொஞ்சம். மதுரையில் கொஞ்சம் அதிகம், ஆனால் தூரம். அதுவும் வேண்டாம் என்றால் கோவில்பட்டியில் ராத்திரி ரயில் ஏறி, விடியக்காலம் சென்னை. ரயில் என்றால் இருக்கவே இருக்கிறது தட்கல். முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏ.சி., பதினோரு மணிக்கு மற்றது. ஒன்பது ஐம்பத்தைந்துக்கே கையைத் துடைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி உட்காருவேன். பத்து மணி ஒரு நிமிஷத்துக்கு ஸ்கிரீனில் ஒரு சக்கரம் சுற்றும். அது நின்றால் வெயிட்டிங் லிஸ்ட் 23. ம்ஹும்!

இத்தனைக்கும் மேலே அண்ணாச்சிக்குக் காலண்டர் பார்க்கணும். ராகு காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார். செவ்வாய், புதன் வடக்கே சூலம். கோவில்பட்டியிலிருந்து சென்னை, டெல்லி எல்லாமே வடக்கேதான்! எந்த வெப்சைட்டிலாவது 'சூலம் இல்லாத ஃப்ளைட்' என்று ஒரு கட்டம் இருக்கிறதா, தட்டிப் பார்க்க? அதற்கும் பரிகாரம் உண்டு. பால் குடித்துவிட்டுக் கிளம்பலாம். ராகு காலம் குறுக்கே வந்தால், அதற்கு முன்பே பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும், பயணம் நல்ல நேரத்தில் ஆரம்பித்ததாகக் கணக்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் இப்படி மாதம் இரண்டு தடவை போன் போட்டிருக்கிறேன். "அக்கா, பெட்டி வருது..."

அடுத்தது பேர் பிரச்னை. நமக்கெல்லாம் ஒரு பேர், முன்னால் ஒரு இனிஷியல். விமான டிக்கெட்டுக்கு அது போதாது. 'கடைசிப் பெயர்' கேட்கும். காலியாக விட்டால் நகராது. அண்ணாச்சி பாஸ்போர்ட்டில் இருந்தது ஒற்றைப் பேர். அதையே இரண்டு தடவை போட்டு டிக்கெட் எடுத்தேன். போர்டிங் பாஸில் அவர் பேர், ரிக்கார்டு தட்டில் முள் மாட்டிக்கொண்ட மாதிரி இரண்டு தடவை இருக்கும்.

எங்கள் அக்கவுண்டன்டுக்கு அப்பா பேரைக் கடைசிப் பெயராகப் போட்டேன். மதுரை ஏர்போர்ட் மைக்கில் அவருடைய அப்பா பேரைச் சொல்லி "உடனே வரவும்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மனுஷர் அசையவே இல்லை. "அப்பா ஊர்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருப்பாரு, அவரை எதுக்கு இங்க தேடுறாங்க?" என்று நினைத்தாராம். சிரிக்கிற விஷயமாகவே இது இருந்துவிடவில்லை. 2022 நவம்பரில், ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை உள்ளே விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் அப்பா பேர் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். அதற்குள் நம் ஊர் ஆபீஸ்களில் எத்தனை பேருக்கு பி.பி. ஏறியதோ!

பயணம் முடிந்து வந்தால் பில். என் பி.காம். உபயோகப்பட்டது இங்கேதான். விமான டிக்கெட்டில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. நம்பரைப் போட்டு எடுத்தால் கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ளலாம். மும்பை ஹோட்டலில் கட்டும் வரி மகாராஷ்டிராவோடு போச்சு, தமிழ்நாட்டுக் கம்பெனிக்குத் திரும்பாது. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அண்ணாச்சி தரும் துண்டுச் சீட்டில் 'ஆட்டோ 180, இளநீர் 60, உண்டியல் 101' என்றிருக்கும். உண்டியலை எந்தத் தலைப்பில் எழுதுவது? பாரதியார் ஜமீன்தாரோடு சென்னைக்குப் போனவர், வீட்டுச் சாமான் வாங்கி வரச் சொன்ன செல்லம்மாவிடம் மூட்டை மூட்டையாகப் புத்தகத்தோடு வந்து இறங்கினார் என்று எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அந்த மண்ணின் ராசி! அவர் கணக்கை முடிக்கவும் அரண்மனையில் ஒரு பி.காம். தவித்திருப்பானோ என்னவோ.

எப்படியோ, ஐந்து வருஷம் பெரிய தப்பில்லாமல் ஓட்டினேன். அதுவும் எப்படி? மிச்சம் பிடித்து! மாதக் கடைசியில் 'இந்த மாதம் பயணச் செலவில் சேமிப்பு' என்று ஒரு ஸ்டேட்மென்ட் போட்டு, அடியில் சிவப்புக் கோடு இழுத்து அண்ணாச்சி மேஜையில் வைப்பேன். அவர் பார்த்துவிட்டு, "ம்... நல்லா பண்ற" என்பார். அந்த 'ம்' என்ற எழுத்துக்கு முழு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

* * *

2018 ஜூலை. துபாயில் ஒரு பெரிய ஆர்டர். ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு எடுக்கும் ஒரு வியாபாரி அங்கே வருகிறார். பேச்சு முடிந்தால் இரண்டு கண்டெய்னர் தீப்பெட்டி. எங்கள் மாதிரிக் கம்பெனிக்கு அது தீபாவளி போனஸ் சமாசாரம்.

சென்னையிலிருந்து துபாய்க்கு நல்ல விலையில் ஒரு டிக்கெட் அகப்பட்டது. ஜூலை 18, புதன்கிழமை, 00.20. அமுக்கினேன். அதற்குத் தோதாக 18-ம் தேதி மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட். சாயங்காலம் சென்னையில் ஒருவரைப் பார்க்கலாம், நிதானமாகச் சாப்பிடலாம், ஒன்பது மணிக்கு ஏர்போர்ட். தாளில் அழகாக டைப் அடித்துக் கொடுத்தேன். எத்தனை பேர் கண்டுபிடித்தீர்கள்? கண்டுபிடித்தவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை.

புதன்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு போன் வந்தது. நான் எட்டயபுரத்தில் வீட்டில் மூன்றாவது தோசையில் இருந்தேன்.

"தம்பி, வாசல்ல நிக்கிற ஆபீசர் உள்ள விட மாட்டேங்காரு. இது நேத்து ராத்திரியே போயிருச்சுங்காரு. என்னன்னு பாரு."

தோசை தொண்டையில் நின்றது. 18-ம் தேதி 00.20 என்றால் செவ்வாய்க்கிழமை ராத்திரி பன்னிரண்டு இருபது. பதினேழாம் தேதி ராத்திரியே ஆள் ஏர்போர்ட்டில் இருந்திருக்கணும். விமானம் இருபத்தோரு மணி நேரத்துக்கு முன்னாலேயே பறந்துவிட்டது.

பிறகு யோசித்தேன், ஏன் இப்படி ஏமாந்தோம் என்று. நம்மவர்களுக்கு விடிந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கத்திலும் சூரியன் உதித்தால்தான் புதுக் கிழமை. நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செத்தவரைக்கூட 'செவ்வாய் ராத்திரி தவறிட்டார்' என்றுதான் சொல்வோம். ஏர்லைன்ஸ்காரனுக்கு அப்படி இல்லை. அவன் நாள் இருட்டிலேயே பிறந்துவிடும். ஐந்து வருஷமாகக் காலண்டரைக் கிழித்தவனுக்கு இது உறைக்கவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏய்யா, என்னாச்சு? முகமெல்லாம் வேர்க்கு?" என்றாள். பதில் சொல்லாமல் பக்கத்து வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு விரட்டினேன். ரோட்டில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு, மையைக் கொட்டின மாதிரி. வேலை போய்விடும் என்கிற பயம் பாதி. அறுபத்திரண்டு வயசு மனுஷர் பெட்டியோடு ஏர்போர்ட் வாசலில் நிற்கிறாரே என்கிற நினைப்பு மீதி.

வாட்ச்மேனை எழுப்பி ஆபீஸைத் திறந்தேன். முதலில் அண்ணாச்சிக்குச் சென்னையில் ராத்தங்க ரூம். அடுத்தது டிக்கெட். போகும் டிக்கெட்டில் ஏறாவிட்டால், திரும்பி வரும் டிக்கெட்டும் தானாகவே செத்துப்போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டும் புதிதாக எடுக்கணும். கடைசி நேர விலை. மொத்தத்தில் அறுபத்து நாலாயிரம் ரூபாய் பழுத்தது.

அப்புறம் அந்த வியாபாரியின் ஆபீஸுக்கு போன். நடுராத்திரியில் எடுத்தது ஒரு மலையாளி. அவரும் என்னை மாதிரியே, அவர் முதலாளிக்கு வண்டி பூட்டுகிறவர். நான் முழுசாகச் சொல்லி முடிக்குமுன்பே "பன்னிரண்டு மணி ஃப்ளைட்டா?" என்றார். "எனக்கும் நடந்திருக்கு. விடுங்க, பார்ப்போம்" என்றார். மறுநாள் அவருடைய முதலாளி வேறு ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஏர்போர்ட் காபி ஷாப்பில் இருபது நிமிஷம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆளின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இருபது நிமிஷத்தில் என்ன பேச முடியும்? இரண்டு கண்டெய்னர் ஒன்றானது. இன்னொன்று வேறு யாருக்கோ போனது.

* * *

அண்ணாச்சி திரும்பி வந்த அன்று ஒரு கடிதம் எழுதி மேஜையில் வைத்தேன். 'நஷ்டமான ரூ. 64,000-ஐ என் சம்பளத்தில் மாதம் ரூ. 3,000 வீதம் பிடித்துக்கொள்ளவும்.' வேலையைவிட்டு அனுப்புவதற்கு முன் நாமே மரியாதையாக நடந்துகொள்வோம் என்கிற முந்தி.

படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"போன மார்ச்சுல எனக்கு ஒரு டெல்லி டிரிப் போட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி." எப்படி மறக்கும்? நான் அதிகம் மிச்சம் பிடித்த டிரிப் அது. சிவப்புக் கோடு இரண்டு தடவை இழுத்தது.

"செப்டம்பர்ல திரும்ப டெல்லி போகணும். அதே மாதிரி போடு. அதே வண்டி, அதே ஹோட்டல், ஒண்ணும் மாத்தாத. ரெண்டு டிக்கெட்."

"கூட யாரு அண்ணாச்சி?"

"நீதான்."

முந்நூறு பேரை ஏற்றி அனுப்பியவன் முதல்முறையாக ஏறப்போகிறேன். அம்மா முறுக்கு சுட்டாள்.

கிளம்பியது ராத்திரி மூன்றரைக்கு. மதுரையில் காலை ஏழு மணிச் சுமாருக்கு விமானம். தாளில் '3.30 கிளம்புதல்' என்று டைப் அடிக்க எனக்கு இரண்டு விநாடி ஆகும். கிளம்புகிறவருக்கு அது முழு ராத்திரி. இரண்டு மணிக்கே எழுந்து குளித்து, சர்க்கரை மாத்திரைக்கு முன்னால் எதையாவது சாப்பிடணுமே என்று, அந்த நேரத்தில் இரண்டு இட்லியை விழுங்கியிருந்தார் அண்ணாச்சி.

மதுரை ஏர்போர்ட் சோதனையில் அண்ணாச்சியை நிறுத்தினார்கள். சட்டைப் பையில் தீப்பெட்டி! விமானத்தில் தீப்பெட்டிக்கு அனுமதி இல்லை. கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி, சாம்பிள் என்று காலிப் பெட்டியையும் லேபிளையும்தான் எடுத்துப் போக முடியும். பழக்க தோஷத்தில் பையில் இருந்துவிட்டது. அதிகாரி எடுத்து, பிடுங்கின தீப்பெட்டிகள் கிடக்கும் டப்பாவில் போட்டார். நான் கூனிக்குறுகி நின்றேன். அண்ணாச்சியோ டப்பாவை எட்டிப் பார்த்து லேபிள்களை எண்ணிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் காதோடு சொன்னார். "தம்பி, பத்துல ஏழு நம்ம பக்கத்துச் சரக்கு!"

விமானத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடு ஸீட். வேறு வேறு வரிசை. ஸீட்டுக்குத் தனியாகக் காசு கேட்டதால் நான் எப்போதும் அதைத் தாண்டிவிடுவேன். அண்ணாச்சிக்கு முழங்கால் தேய்மானம். காலை நீட்டணும், அடிக்கடி பாத்ரூம் போகணும். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் இருக்கிறவரை எழுப்பி, "மன்னிச்சுக்கிடுங்க" என்றபடி வெளியே வந்தார். மூன்றாவது தடவை அவர் எழவில்லை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசையிலிருந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சென்னையில் இறங்கினோம். மதுரை - சென்னை ஒரு டிக்கெட், சென்னை - டெல்லி இன்னொரு கம்பெனியில் தனி டிக்கெட். சேர்த்து எடுப்பதைவிடத் தொள்ளாயிரம் ரூபாய் குறைவு. என் மூளைதான்! ஆனால் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், மறுபடி பெட்டி போட்டு, மறுபடி சோதனை. கவுன்ட்டர் மூட ஏழு நிமிஷம்தான் இருந்தது. அண்ணாச்சி ஓடினார். வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, அந்த வழவழத் தரையில்... நான் பின்னாலேயே ஓடினேன். முதல் விமானத்தை நான் தவறவிட்டு மாட்டிக்கொண்டேன். இப்படிப் பிடித்த விமானங்கள் எத்தனையோ?

டெல்லியில் ஹோட்டல் கரோல்பாக். நொய்டா ஹோட்டலைவிட எண்ணூறு ரூபாய் குறைவு. மீட்டிங் நடப்பது நொய்டாவில். டாக்ஸிக்குப் போக வர ஆனது ஆயிரத்து இருநூறு! போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். ரூம் இரண்டு மணிக்குத்தான் என்று ரேட்டைப் பார்த்த கண்ணுக்குத் தெரியவில்லை. ஆள் வேறு காலி பண்ணாததால் மூன்று மணி ஆகிவிட்டது. வரவேற்பறை சோபாவில், கைப்பையைத் தலைக்கு வைத்து அண்ணாச்சி சாய்ந்துவிட்டார். கோவில்பட்டியில் நூற்றைம்பது பேருக்குச் சம்பளம் போடுகிறவர், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்த மாதிரி கிடந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "இவ்வளவு கஷ்டம்னு ஏன் அண்ணாச்சி ஒருநாளும் சொல்லல?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நீ கோடு போட்டுக் கொண்டாந்து வைக்கும்போது உன் முகத்தப் பாத்தா, சொல்லத் தோணாது தம்பி."

நான் காலேஜில் முதல் வாரம் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதியே ஆகணும். கணக்கு தானாக மறைந்துவிடாது. ஐந்து வருஷமாக நான் மிச்சம் பிடித்த தொள்ளாயிரங்களும் எண்ணூறுகளும் அண்ணாச்சியின் முழங்காலில் பற்றாகிக்கொண்டே வந்திருக்கின்றன. என் ஸ்டேட்மென்டில் அந்தப் பக்கமே இல்லை.

திரும்பும்போது சென்னையிலிருந்து தூத்துக்குடி விமானம். எனக்கு ஜன்னல் ஸீட் கிடைத்தது. இறங்கும் சமயம் கீழே பார்த்தேன். புரட்டாசி பிறந்திருந்தது. உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக்கொண்டு, கறுப்பாய் விரிந்து கிடந்தது. நடுவில் நூல் மாதிரி ஒரு ரோடு. பைக்கை விரட்டிய ரோடு அதுதானா என்று தெரியவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

* * *

அதற்குப் பிறகு என் மேஜை மாறவில்லை. தாள் மாறியது. ஆபீசில் யாருக்காவது டிக்கெட் எடுக்கும் தம்பிமார்கள் கவனியுங்கள். இதைச் சொல்லித் தர எந்தக் காலேஜிலும் ஆள் இல்லை.

நடுராத்திரி பன்னிரண்டுக்கும் விடியலுக்கும் நடுவே விமானம் என்றால் தேதியோடு கிழமையையும், எந்த ராத்திரி வீட்டைவிட்டுக் கிளம்பணும் என்பதையும் எழுதுவேன். '17 செவ்வாய் ராத்திரி சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு ஏர்போர்ட். விமானம் கிளம்பும்போது தேதி 18 ஆகியிருக்கும்' என்கிற மாதிரி. எழுதியதை இன்னொரு ஆளிடம் வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலும் வாட்ச்மேன். அவர் "எந்த ராத்திரிங்க?" என்று கேட்டால் தாளைத் திரும்ப அடிப்பேன்.

விமானம் மாறுவதென்றால் ஒரே டிக்கெட். நடுவில் குறைந்தது இரண்டரை மணி நேரம். முழங்கால் வலிக்காரருக்கு நடைபாதை ஓரத்து ஸீட், ரயில் என்றால் கீழ்ப் படுக்கை. அறுபது தாண்டியவர்களுக்குக் கீழ்ப் படுக்கையில் தனி ஒதுக்கீடு உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். மாத்திரை கைப்பையில், பெட்டியில் அல்ல. ஹோட்டலின் வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டிங் நடக்கும் இடத்திலிருந்து எவ்வளவு நேரம் என்று பார்ப்பேன். கடைசியாக, தாளின் அடியில் 'ஒருவேளை தவறினால்' என்று ஒரு வரி. அடுத்த வண்டி எது, யாரைக் கூப்பிடணும். நிறைய பேர் அந்த வரியைப் பார்க்காமலே திரும்பி வந்துவிடுவார்கள். அப்படி வந்தால் சந்தோஷம்.

பயணச் செலவு கூடியது. சிவப்புக் கோடு போட்ட ஸ்டேட்மென்டை நிறுத்திவிட்டேன். சம்பளத்தில் மூன்றாயிரம் எந்த மாதமும் பிடிக்கப்படவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி அண்ணாச்சியும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். நல்ல பையன். வரிசையில் நிற்கும்போதே செல்போனில் தட்டி டிக்கெட் எடுத்துக்கொள்கிறவர். மாடிப்படி மேஜைக்கு வேலை குறைந்தது. நானும் எழுத்துப் பக்கம் வந்துவிட்டேன். இப்போது எனக்கு முதலாளியும் கிடையாது, ஏற்பாடு செய்ய ஆளும் கிடையாது.

போன வருஷம் ஒரு போன்.

"தம்பி, வீட்ல காசிக்குப் போகணுங்கா. மகன் டிக்கெட் எடுத்துத் தாறேங்கான். நான்தான் வேண்டாம்னுட்டேன். நீ ஒரு தாள் அடிச்சுக் குடு."

அடித்துக் கொடுத்தேன். நல்ல கிழமை, சூலம் பார்த்து. ஒரே டிக்கெட், ஓரத்து ஸீட், மாறுமிடத்தில் மூன்று மணி நேரம், அங்கே சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தது, கங்கைக் கரைக்குப் பக்கத்தில் படி ஏறாத ரூம். போய்ச் சேர்ந்ததும் ஒருநாள் முழுக்க ஓய்வு, அப்புறம்தான் தரிசனம். 'தவறினால்' வரியும் உண்டு.

மூன்றாம் நாள் காசியிலிருந்து கூப்பிட்டார். மணிச் சத்தமும் ஜனச் சத்தமுமாக இருந்தது. எனக்குப் பகீரென்றது. பழைய பழக்கம், அண்ணாச்சி வெளியூரிலிருந்து கூப்பிட்டாலே வயிறு கலங்கும்.

"என்ன அண்ணாச்சி? எதுவும் தவறிருச்சா?"

"ஒண்ணும் தவறல. சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார்.

கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்.

"தம்பி, கால் வலிக்கல."